பாம்புத் தோள் ராஜாவின் வழக்கு

1990 ஏப்ரல். அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். இரானியர்கள் கூடியிருக்கிறார்கள். 1979 புரட்சியின்போது நாட்டை விட்டுக் கிளம்பியவர்கள், அதற்கப்புறம் தப்பி வந்தவர்கள், படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். ஊர் கைவிட்டுப் போய்விட்டது. ஊர்க்கதை மட்டும்தான் மிச்சம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மாதிரிக் கூட்டம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. சொந்த பாஷையைக் காதாரக் கேட்கலாம். பழைய ராஜாக்களைப் பற்றிப் பேசலாம். நாமும் ஒரு காலத்தில் பெரிய ஆட்கள்தான் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம்.

மேடையில் அஹ்மத் ஷாம்லூ. வயது 64. நவீன பாரசீகக் கவிதையில் முதல் வரிசை ஆசாமி. ஷா காலத்தில் ஜெயிலுக்குப் போனவர். புரட்சிக்கு அப்புறம் வந்தவர்களோடும் ஒத்துப்போகாதவர். கவிதைதான் படிக்கப்போகிறார் என்று யாராவது நினைத்திருந்தால், ஏமாந்திருப்பார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். சின்ன வயதிலிருந்து உங்களுக்குச் சொல்லப்பட்ட கதை தலைகீழான கதை. ஜஹாக் வில்லன் கிடையாது. காவே ஹீரோ கிடையாது. கதையை எழுதி வைத்தவர்கள் உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது.

மன்னராட்சி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். தேசியவாதிகள் கொதித்தார்கள். இரானுக்குள்ளே இருந்தவர்களும் சும்மா விடவில்லை. பத்திரிகைகளில் மறுப்புக்கு மேல் மறுப்பு. புத்தகங்களே வந்தன. இத்தனை நாள் தலையில் வைத்துக் கொண்டாடிய கவிஞரை ஒரே பேச்சில் தேசத் துரோகி ரேஞ்சுக்கு இறக்கிவிட்டார்கள். ராவணன் நல்லவனா கெட்டவனா என்று தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டும் நமக்கு இந்தச் சூடு புரியாமல் போகாது.

சரி, யார் இந்த ஜஹாக்?

*

ஜம்ஷீத் என்று ஒரு மகாராஜா. ஆரம்பத்தில் நல்லவர். ஆயுதம் செய்ய, துணி நெய்ய, வீடு கட்ட, வைத்தியம் பார்க்க, எல்லாம் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஜனங்களை நான்கு பிரிவாகப் பிரித்தவரும் அவரே. பூசாரி, போர்வீரன், விவசாயி, கைவினைஞன். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும். அவெஸ்தா என்ற ஜொராஸ்டிரிய வேதத்தில் இவருடைய பழைய பெயர் யிமா. நம்முடைய ரிக் வேதத்து யமனும் அவரும் ஒரே மூலத்திலிருந்து வந்த பங்காளிகள். அங்கே பொற்கால ராஜா. இங்கே எருமை வாகனர்.

ஜம்ஷீதுக்குத் தலைக்கனம் வந்தது. நானே கடவுள் என்றார். அதோடு கடவுளின் அருள் அவரை விட்டு விலகியது, சனங்களும் விலகினார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தவன்தான் ஜஹாக். அரபு நாட்டு இளவரசன். சாத்தானின் பேச்சைக் கேட்டுப் பெற்ற தகப்பனையே குழியில் விழவைத்துக் கொன்றவன்.

சாத்தான் அடுத்து சமையல்காரன் வேஷத்தில் வருகிறான். அதுவரை மாமிசம் அதிகம் புழக்கத்தில் இல்லாத காலம். முதலில் முட்டை மஞ்சள்கரு. அடுத்த நாள் கௌதாரி. அப்புறம் ஆட்டுக்குட்டி, கன்று என்று நாளுக்கு நாள் மெனு ஏறுகிறது. நாக்கு செத்துப் போயிருந்த ராஜாவுக்கு ஏக குஷி. என்ன வேண்டுமோ கேள் என்கிறான். சமையல்காரனுக்குப் பொன் வேண்டாம், பொருள் வேண்டாம். தோள் இரண்டிலும் ஒரு முத்தம் கொடுத்தால் போதுமாம்.

கொடுத்தான். காணாமல் போனான். முத்தமிட்ட இடத்தில் இரண்டு கறுப்புப் பாம்புகள் முளைத்தன. வெட்டினால் மறுபடி முளைக்கிறது. சாத்தானே டாக்டர் வேஷத்தில் திரும்பி வந்து பிரிஸ்கிரிப்ஷன் எழுதுகிறான். தினம் மனித மூளை கொடு, அடங்கும்.

ஆக, ஒரு நாளைக்கு இரண்டு இளைஞர்கள். ஆயிரம் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவாக நடந்த ஆட்சி என்கிறது கதை. கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

இதிலும் இரண்டு நல்ல மனுஷர்கள் இருந்தார்கள். அர்மாயில், கர்மாயில் என்று பெயர். அரண்மனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு பேரில் ஒருவனைத்தான் காவு கொடுப்பார்கள். இன்னொருவனின் மூளைக்குப் பதில் ஆட்டு மூளையைக் கலந்துவிட்டு, அவனை மலைக்கு ஓடச் சொல்லிவிடுவார்கள். பாதிதான் காப்பாற்ற முடிந்தது. ஆனால் பாதியைக் காப்பாற்றினார்கள். அப்படி மலையேறிப் பிழைத்தவர்களின் வாரிசுகள்தான் குர்து இன மக்கள் என்று கதை முடிச்சுப் போடுகிறது.

கடைசியில் ஜஹாக்குக்குப் பயம் வருகிறது. ஃபரீதூன் என்று ஒருவன் பிறந்திருக்கிறான், அவன் கையால்தான் உனக்கு முடிவு என்கிறார்கள். பயந்த ராஜா என்ன செய்வான்? நற்சான்றிதழ் வாங்குவான். நாட்டில் உள்ள பெரிய மனுஷர்களையெல்லாம் கூப்பிட்டு, ‘எங்கள் ராஜா நல்லதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை’ என்று ஒரு தஸ்தாவேஜு தயார் பண்ணிக் கையெழுத்து வாங்குகிறான். (தஸ்தாவேஜு என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து நமக்கு வந்ததுதான். ரசீதும் அப்படியே.) பெரிய மனுஷர்கள் போடுகிறார்கள். போடாமல்?

அப்போது வாசலில் சத்தம். காவே என்கிற கொல்லன். பதினெட்டுப் பிள்ளைகளில் பதினேழு பேரைப் பாம்புக்குக் கொடுத்தாயிற்று. மிச்சமிருக்கிற ஒருவனையும் பிடித்து வந்துவிட்டார்கள். நியாயம் கேட்டு சபைக்குள் நுழைகிறான். ஜஹாக் நல்லவன் வேஷம் போட்டுக்கொண்டிருக்கிற நேரமல்லவா? பையனை விட்டுவிடச் சொல்கிறான். கூடவே, நீயும் இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு என்கிறான்.

காவே காகிதத்தை வாங்கிப் படிக்கிறான். கிழித்துக் காலில் போட்டு மிதிக்கிறான்.

வெளியே போய், உலைக்களத்தில் கட்டியிருந்த தோல் கச்சையை அவிழ்த்து ஈட்டி முனையில் மாட்டித் தூக்குகிறான். ஊரே பின்னால் வருகிறது. ஃபரீதூன் தலைமையேற்கிறான். ஜஹாக்கைப் பிடித்து தமாவந்த் மலைக்குகையில் சங்கிலியால் கட்டிப்போடுகிறார்கள். அந்தத் தோல் துண்டுக்கு ராஜாக்கள் ஒவ்வொருவராக நகை பதித்து, அது தேசக்கொடி ஆனது. பெயர் திரஃப்ஷே காவியானி. சஸானிய சாம்ராஜ்யத்தின் கொடி. 636 வாக்கில் காதிஸிய்யா யுத்தத்தில் அரபுப் படை அதைக் கைப்பற்றியதோடு அந்த சாம்ராஜ்யமும் ஆட்டம் கண்டுவிட்டது.

இந்தக் கதையில்தான் ஷாம்லூ கை வைத்தார்.

*

எங்கே இருக்கிறது இந்தக் கதை? ஷாநாமாவில். எழுதியவர் ஃபிர்தௌசி. இன்றைய வடகிழக்கு இரானில் தூஸ் பக்கத்து ஆசாமி. சுமார் ஐம்பதாயிரம் ஈரடிகள். முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து 1010-ல் முடித்தார். சமர்ப்பணம் யாருக்கு? நமக்கு நன்றாகத் தெரிந்த அதே கஜினி முகமதுக்கு.

ஒரு ஈரடிக்கு ஒரு பொற்காசு என்று பேச்சு. வந்து சேர்ந்தது வெள்ளி என்பார்கள். குளியல் கூடத்தில் இருந்த கவிஞர் அந்தக் காசைக் குளிப்பாட்டுகிறவனுக்குப் பாதி, சர்பத் கொடுத்தவனுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்துவிட்டாராம். பல வருஷம் கழித்து சுல்தான் மனசு மாறி ஒட்டகத்தில் நீலச்சாயம் ஏற்றி அனுப்ப, அது ஒரு வாசல் வழியாக ஊருக்குள் நுழைகிறபோது இன்னொரு வாசல் வழியாகக் கவிஞரின் பிணம் வெளியே போகிறது. நூறு வருஷத்துக்குப் பின்னால் தூஸுக்குப் போய் விசாரித்த நிஸாமி அரூஸி எழுதி வைத்த கதை. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்பது வேறு விஷயம். ராஜா பாக்கி வைத்த கதையை ஜனங்கள் ஆயிரம் வருஷமாக மறக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ராஜா கைவிட்ட காவியத்தைக் காப்பாற்றியது யார்? டீக்கடை.

பெயர் என்னவோ கஹ்வே கானே, அதாவது காபிக்கடை. சஃபாவிய ராஜாக்கள் காலத்தில் இரானில் பரவியது. பிற்காலத்தில் காபி போய் டீ வந்தும் பெயர் மாறவில்லை. சாயங்காலம் ஆனால் அங்கே நக்கால் வருவார். கதைசொல்லி. கையில் ஒரு கோல். அந்தக் கோல்தான் வாள், அதுதான் வில், அதுதான் குதிரை. கைதட்டுவார், காலை உதைப்பார், குரலைத் தாழ்த்துவார், திடீரென்று கர்ஜிப்பார். கைப்பிரதியாகக் கதைக்குறிப்புகள் குருவிடமிருந்து சிஷ்யனுக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாத சுமைகூலிக்கும் கசாப்புக்கடைக்காரருக்கும் ஷாநாமா தெரிந்தது இவரால்தான்.

கதை ஒரு நாளில் முடியாது. மாசக்கணக்கில் போகும். எந்த இடத்தில் நிறுத்தினால் நாளைக்கும் ஆள் வரும் என்று அவருக்குத் தெரியும். வாராவாரம் ‘தொடரும்’ போடுகிற எங்களுக்கெல்லாம் முப்பாட்டன் அவர்.

இதில் ஒரு ராத்திரி விசேஷம். சொஹ்ராப் சாகிற ராத்திரி. மகாவீரன் ருஸ்தம், எதிரே நிற்பவன் தன் மகன் என்று தெரியாமல் சண்டை போட்டுக் கொல்கிறான். அன்றைக்குக் கடை நிரம்பி வழியும். அவன் சாவதற்கு முன்னால் எழுந்து, ‘இன்றைக்கு மட்டும் அவனைக் கொல்லாதீர்கள்’ என்று கதைசொல்லி கையில் காசைத் திணிப்பவர்கள் உண்டாம். முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒரு நப்பாசை. இரானியர்களிடம் இதிலிருந்து ஒரு பழமொழியே உண்டு: சொஹ்ராப் செத்தபின் வந்த மருந்து.

ரேடியோ வந்தது, சினிமா வந்தது, டிவி வந்தது. நக்கால்கள் குறைந்தார்கள். 2011-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆண்கள் மட்டுமே நின்ற அந்த இடத்தில் ஃபாத்திமா ஹபீபிஸாத் என்ற பெண்மணி கோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். மேடைப் பெயர் குர்தாஃபரீத். ஷாநாமாவில் கூந்தலைத் தலைக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு சொஹ்ராப்பையே எதிர்த்துச் சண்டை போட்ட பெண்ணின் பெயர்!

*

டீக்கடையில் கிடந்த கதையை அரண்மனை சும்மா விடுமா?

1934-ல் ரெஸா ஷா ஃபிர்தௌசிக்கு ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தார். தூஸில் பெரிய நினைவு மண்டபம். விழாவை ஒட்டி ஃபிர்தௌசி பற்றி ஒரு பாரசீகப் படமும் வந்தது. எடுக்கப்பட்ட இடம் எது தெரியுமா? பம்பாய். தயாரிப்பு அர்தேஷிர் இரானி. 1931-ல் முதல் தமிழ் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தைத் தயாரித்த அதே மனிதர். படத்தில் சுல்தான் கவிஞரை நடத்திய விதம் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. சில காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு ராஜாவை இன்னொரு ராஜாதானே காப்பாற்ற வேண்டும்?

மகன் முகமது ரெஸா ஷா இன்னும் ஒரு படி மேலே. 1971 அக்டோபரில் பெர்ஸெபோலிஸ் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டு, பாரீஸ் மாக்ஸிம்ஸிலிருந்து சாப்பாடு வரவழைத்து, மன்னராட்சிக்கு 2,500 வயது என்று கொண்டாடினார். 1976-ல் காலண்டரையே மாற்றினார். 1355-ஆக இருந்த வருஷம் 2535 ஆகிவிட்டது. ஒரே உத்தரவில் 1,180 வருஷம். பி.காம் படித்த எனக்கு இதைப் படித்தபோது முதலில் ஞாபகம் வந்தது பாவம் அந்த ஊர் கணக்குப்பிள்ளைகள்தான். 1978-ல் போராட்டம் முற்றியதும் பழைய காலண்டரே திரும்பி வந்தது. 1979-ல் ஷாவே போய்விட்டார்.

ஆக, 1990-ல் பெர்க்லியில் பேசும்போது ஷாம்லூவின் மனசில் இருந்த கேள்வி இதுதான்: இந்தப் பழைய பெருமையையெல்லாம் நமக்கு எழுதிக் கொடுத்தவன் யார்?

அலி ஹசூரி என்ற ஆய்வாளர் ஏற்கெனவே சொல்லியிருந்த ஒரு கோணத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஜம்ஷீத்தான் சமூகத்தைப் பிரித்தவன். ஜஹாக் அந்தப் பிரிவினையைக் கலைத்தவன். மேல்தட்டுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. காவே என்ற ஒரு கொல்லனைக் கிளப்பிவிட்டு, பழைய குடும்பத்தைச் சேர்ந்த ஃபரீதூனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தோற்றவன் தோளில் பாம்பு வரைந்துவிட்டார்கள். ஃபிர்தௌசி யார்? திஹ்கான், அதாவது நிலவுடைமைக் குடும்பம். பின் எப்படி எழுதுவார்?

துணைக்கு ஒரு நிஜமான கேஸையும் இழுத்தார். கி.மு. 522. கௌமாதா என்ற ஒரு பூசாரி, செத்துப்போன இளவரசர் பர்தியாவைப் போல ஆள்மாறாட்டம் செய்து சிம்மாசனம் ஏறினான், நான் அவனைக் கொன்று நாட்டை மீட்டேன் என்று பெஹிஸ்தூன் மலைப்பாறையில் மூன்று பாஷைகளில் வெட்டி வைத்திருக்கிறார் டேரியஸ். நான் பொய் சொல்லவில்லை, நம்புங்கள் என்ற ரீதியில் வற்புறுத்தல் வேறு. இங்கேதான் சந்தேகம் வருகிறது. கிரேக்கர் ஹெரோடோட்டஸ் தரும் தகவல்: அந்த ‘போலி’ ராஜா மூன்று வருஷத்துக்கு வரியையும் கட்டாய ராணுவ சேவையையும் ரத்து செய்தவன். அவன் செத்தபோது பாரசீகர்களைத் தவிர ஆசியாவே அழுதது. டேரியஸ் கொன்றது போலியை அல்ல, அசல் பர்தியாவைத்தான் என்று நினைக்கும் வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கு நிறையவே உண்டு.

*

இப்போது நாம் உட்கார்ந்து ஆடிட் செய்யலாம்.

டேரியஸ் விஷயத்தில் ஷாம்லூவின் சந்தேகம் நியாயமானது. கொன்றவனே எழுதி, கொன்றவனே கையெழுத்துப் போட்ட வவுச்சரை எந்த ஆடிட்டரும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ண மாட்டார்.

ஆனால் ஃபிர்தௌசி விஷயம் வேறு. ஜஹாக்கின் பழைய பெயர் அஷி தஹாகா. அவெஸ்தாவிலேயே அவன் மூன்று வாய், மூன்று தலை, ஆறு கண் கொண்ட நாகப் பூதம். ‘அஷி’யும் சமஸ்கிருதத்தில் பாம்பைக் குறிக்கும் ‘அஹி’யும் ஒரே சொல். ஃபிர்தௌசி பிறப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலாகவே அவன் பாம்புதான். தோளில் பாம்பை முளைக்கவைத்தது கவிஞர் அல்ல. அவர் தமக்குக் கிடைத்த பழைய உரைநடை நூல்களை வைத்து எழுதியவர். தமக்கு முன்னால் இதே வேலையை ஆரம்பித்துக் கொலையுண்டுபோன தகீகி என்ற கவிஞரின் ஆயிரம் ஈரடிகளை அப்படியே சேர்த்து, இது அவருடையது என்று பேர் போட்டுச் சொன்னவர். கணக்கில் இவ்வளவு சுத்தமான மனுஷர் மேல் கையாடல் கேஸ் நிற்காது.

வேடிக்கை என்னவென்றால், அவெஸ்தாவில் இல்லாத ஆள் காவேதான். அவன் பிற்பாடு வந்து சேர்ந்த என்ட்ரி. அவெஸ்தா மொழியில் ‘கவி’ என்றால் அரசன். காவியானி என்றால் அரசர்களின் கொடி என்றுதான் முதலில் அர்த்தம் இருந்திருக்கும், அந்தப் பெயரை விளக்குவதற்காகப் பின்னால் காவே என்ற கொல்லன் பிறந்திருப்பான் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். அதே ‘கவி’ இந்தியாவுக்கு வந்தபோது ஞானியாகி, புலவனாகி, நம் தமிழிலும் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியே வைத்துக்கொள்வோம். ராஜாவின் கொடிக்கு ஒரு கதை தேவைப்பட்டபோது, ஜனங்கள் அதை ஒரு தொழிலாளியின் கச்சைத் துணி ஆக்கிவிட்டார்கள். யாரோ மேலே இருந்து அவனைக் கிளப்பிவிட்டார்கள் என்று ஷாம்லூ பார்த்தார். எனக்கென்னவோ கீழே இருந்தவர்கள்தான் அவனை மெதுவாக உள்ளே நுழைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

இப்படித் தப்பாகவே பேசியிருந்தாலும் ஷாம்லூ அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டிய கூட்டத்தில், கேள்வி கேட்காமல் எதையும் நம்பாதே என்றார். கோபப்பட்டவர்கள் அலமாரியில் தூசி படிந்த ஷாநாமாவைத் திறந்து, என்னதான் எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டியதாயிற்று. திட்டுவதற்காகவாவது படித்தார்கள்.

அதே 1990-ல், புரட்சிக்குப் பிறகு ஃபிர்தௌசியைக் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்த இரான் அரசாங்கமே தெஹ்ரானில் ஷாநாமாவுக்கு ஆயிரமாண்டு மாநாடு நடத்தியது. கதையை ஒழிக்க முடியாது என்றால் சொந்தம் கொண்டாடிவிடுவது பழைய வழி.

ஆனால் ஜஹாக் யாருடைய சொந்தமாகவும் அடங்குகிறவன் இல்லை. ஸயீதீ சீர்ஜானி என்ற எழுத்தாளர் ‘பாம்புத் தோள் ஜஹாக்’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். பழைய கதைதான். படித்தவர்களுக்கு நிகழ்காலமாகத் தெரிந்தது. அவருடைய புத்தகங்கள் தடைபட்டன. அதிகாரத்தில் இருந்தவர்களுக்கே பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1994 மார்ச்சில் கைது. அதே வருஷம் நவம்பரில் காவலில் இறந்துபோனார். மாரடைப்பு என்றது அரசு.

ஷாம்லூ 2000 ஜூலையில் காலமானார். 2022-ல் மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண் போலீஸ் காவலில் இறந்து, இரான் தெருக்கள் கொந்தளித்தபோது, கோஷம் போட்டவர்கள் உச்சத் தலைவரை எந்தப் பெயரால் அழைத்தார்கள் தெரியுமா? ஜஹாக்! இளைஞர்களைத் தின்கிறவனுக்கு இன்றைக்கும் அவர்களிடம் அந்த ஒரு பெயர்தான் இருக்கிறது.

*

டிசம்பர் மாதம், வருஷத்திலேயே நீளமான ராத்திரிக்கு யல்தா என்று பெயர். மாதுளம்பழத்தை உதிர்த்துக்கொண்டு, தர்ப்பூசணியை அறுத்துக்கொண்டு, குடும்பம் மொத்தமும் விழித்திருக்கும். ஹாஃபிஸ் கவிதையில் ஜோசியம் பார்ப்பார்கள். ஷாநாமாவிலிருந்து ஒரு கதை படிப்பார்கள். தெஹ்ரானிலும் உண்டு, லாஸ் ஏஞ்சலிஸிலும் உண்டு. பாட்டி ஒரு மாதிரி சொல்வாள், தாத்தா குறுக்கே புகுந்து திருத்துவார், பேரன் ‘அதெப்படி?’ என்று கேட்பான். ராத்திரி போய்க்கொண்டே இருக்கும்.

ஜஹாக் உண்மையில் யார்? பூதமா, அரபு இளவரசனா, அவப்பெயர் சுமத்தப்பட்ட புரட்சிக்காரனா? பேசிக்கொண்டேதான் இருக்கப்போகிறார்கள். பேசட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ராஜ சபையில் அந்த நற்சான்றிதழில் கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷர்கள் யார் யார் என்று ஷாநாமா சொல்லவில்லை. ஐம்பதாயிரம் ஈரடிகளில் அவர்கள் பெயருக்கு இடமில்லை.

கிழித்தவன் பெயர் இருக்கிறது.